கல் பதித்த நாற்பத்தொரு சட்டைகள்

எல்ம்பர்க், கன்சாஸ்
10 பிப்ரவரி 2019

அன்புள்ள லியோனா அக்காவுக்கு,

ஆல்வின் எழுதுகிறேன். உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டூசானில் பனி இல்லாதது அதற்கு நல்லதுதான். மார்லீனை விசாரித்ததாகச் சொல். போனில் பேசினால் உனக்குப் பாதிதான் கேட்கிறது, எனக்கும் பாதிதான் பேச வருகிறது. கடிதமே மேல்.

இரண்டு செய்திகள். முதலாவது, பள்ளியை மூடுவது என்று முடிவாகிவிட்டது. மே மாதத்தோடு எல்ம்பர்க் உயர்நிலைப்பள்ளி கிடையாது. ஆகஸ்டிலிருந்து நம் பிள்ளைகளும் பிரைஸ்டன் பிள்ளைகளும் ஒரே ஒன்றியப் பள்ளி. வகுப்புகள் பிரைஸ்டனில் நடக்கும். கால்பந்து மட்டும் நம் மைதானத்தில், ஏனென்றால் அவர்கள் மைதானத்தில் நாலு தூறல் விழுந்தால் வாத்து நீந்தும். முப்பத்தொரு வருடமாக அந்த மைதானத்து வாசலில் டிக்கெட் கிழிப்பவன் நான்தான் என்பதால், அதை என்னிடமே விட்டுவைப்பார்கள் போலிருக்கிறது.

இரண்டாவது செய்தியைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. என் கட்டர் இயந்திரத்தில் ஸ்டிக்கர் வெட்டி விற்பது உனக்குத் தெரியும். தபால் பெட்டிக்குப் பெயர், தானியக் கிடங்குக்கு எண், கல்யாண வீட்டுப் பலகை, இவ்வளவுதான். போன வாரம் வெர்னா ஸ்டெக்லைன் வந்திருந்தாள். பள்ளியில் என்னிடம் தொழில்நுட்ப வரைபடம் படித்தவள். இப்போது தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிறாள், அறுபது வயதாகிறது.

“சார், பேரு வெட்டி வெட்டிப் போரடிக்கலியா? எங்களுக்குச் சட்டை பண்ணிக் குடுங்க. எல்ம்பர்க்னு, ஸ்டோன் வச்சு. லைட்டு பட்டா பிரைஸ்டன்காரங்களுக்குக் கண்ணு கூசணும்.”

“எனக்கு ஸ்டிக்கர் வெட்டத்தாம்மா தெரியும்.”

“ஓட்டை வெட்டத் தெரியும்ல? மிச்சத்தைக் கல்லு பாத்துக்கும்.”

விசாரித்துப் பார்த்தேன். அவள் சொன்னது ஓரளவு சரிதான். தடித்த அட்டையில் கல் அளவுக்குத் துளைகளை வெட்ட வேண்டும். அதே இயந்திரம் போதும். கல்லைச் சூட்டில் அழுத்தி ஒட்ட ஹீட் பிரஸ் ஒன்று மட்டும் புதிதாக வாங்க வேண்டும். ஆனால் எழுபத்திரண்டு வயதில், முன்னாள் வாத்தியார் ஒருவன், பெண்களின் மார்புக்குக் குறுக்கே மின்னும் கல் ஒட்டிக்கொண்டிருப்பது நன்றாக இருக்குமா என்று தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

அன்புடன்,
ஆல்வின்

டூசான், அரிசோனா
24 பிப்ரவரி

தம்பி ஆல்வினுக்கு,

முழங்கால் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேள். வாய் எதற்கு இருக்கிறது?

கல் ஒட்டும் விஷயத்தில் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடுவாய். செய் என்றால், நாளைக்கு யாராவது சிரிக்கும்போது ‘அக்கா சொன்னாள்’ என்பாய். உன்னை எனக்கு எழுபத்திரண்டு வருடமாகத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கே சீட்டாட வருகிற கிழவிகள் எல்லோரும் கல் சட்டைதான் போடுகிறார்கள். மூன்று தடவை துவைத்தால் பாதிக் கல் வாஷிங் மெஷினுக்குள் கிடக்கிறது. போன மாதம் ஒருத்தியின் சட்டையில் இருந்த மயிலுக்குக் கண் இல்லை. ஒட்டுவதாக இருந்தால் ஒழுங்காக ஒட்டு. பெண்களின் மார்பைப் பற்றிக் கவலைப்படாதே. அது உன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மார்லீன் நலம். அவளுடைய இரண்டாவது பெண் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறாள்.

பள்ளியைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

லியோனா

எல்ம்பர்க்
24 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம். மாத்திரையைப் பற்றிக் கேட்டேன், நல்லதற்குத்தானாம்.

ஹீட் பிரஸ் வாங்கிவிட்டேன். நீ சொல்லவில்லை, நானாகத்தான் வாங்கினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கராஜில் காரை வெளியே நிறுத்திவிட்டு அங்கே மேசை போட்டிருக்கிறேன்.

வேலை இப்படி. துளை வெட்டிய அட்டையில் ஒரு கை கல்லைக் கொட்டி, பெயின்ட் பிரஷால் மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தள்ள வேண்டும். கல்லின் அடிப்பக்கம் தட்டை, அதில் பசை இருக்கிறது. மேற்பக்கம் கூம்பு. தள்ளத் தள்ள ஒவ்வொரு கல்லும் தானாகவே முகம் மேலே தெரியும்படி துளையில் உட்கார்ந்துகொள்கிறது. குப்புற விழுந்தது உட்காராமல் ஓடுகிறது. நான் மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒட்டுத்தாளை மேலே வைத்து எல்லாக் கல்லையும் ஒரே தூக்காகத் தூக்கி, சட்டையில் வைத்து, முந்நூற்று இருபத்தைந்து டிகிரியில் பதினைந்து நொடி அழுத்த வேண்டும். சட்டையை உள்பக்கமாகத் திருப்பி இன்னொரு முறை அழுத்தினால்தான் துவைத்தால் நிற்கிறது. ஒரு கோதுமைக் கதிரைப் பதித்து இருபத்திரண்டு தடவை துவைத்தேன். இரண்டு கல்தான் போயிற்று. உன் மயிலுக்குக் கண் நிற்கும்.

ஒன்றியத்தின் கண்காணிப்பாளர் டாக்டர் ஹோக் கராஜுக்கே வந்துவிட்டார். வயது நாற்பதுகூட இருக்காது. புதுப் பள்ளிக்கு முந்நூறு சட்டை, கல் இல்லாமல் வெறும் ஸ்டிக்கர் துணியில், ஆகஸ்டிலும் அக்டோபரிலுமாகக் கொடுக்கச் சொன்னார். புதுப் பள்ளியின் சின்னம் இடியாம்.

“இடியை எப்படி வரையறது, டாக்டர்?”

“மின்னலைப் போட்டுடுங்க.”

“அது மின்னல்தானே?”

“மக்கள் புரிஞ்சுப்பாங்க, மிஸ்டர் ட்ரைலிங்.”

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மின்னலையே வரைந்தேன்.

வெர்னா நாற்பத்தொரு பெண்களின் பட்டியல் கொடுத்திருக்கிறாள். ஊர் பெயரின் கீழே அவரவர் படித்து முடித்த வருடமும் வேண்டுமாம். பட்டியலை வருட வாரியாக எழுதிப் பார்த்தேன். 1962-இல் யாரும் இல்லை. உனக்கும் ஒன்று செய்யலாம் என்று தோன்றியது. உன் அளவு என்ன?

இங்கே காற்று அதிகம். மைதானத்துப் பலகை ஒன்று பறந்துபோய்விட்டது.

அன்புடன்,
ஆல்வின்

எல்ம்பர்க்
2 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மார்லீனுக்குப் போன் செய்தேன். நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை பழைய மாணவர் விருந்து நடந்தது. கடைசி விருந்து. முந்நூறு பேருக்குப் பீராக் ரொட்டி சுட்டார்கள். முட்டைக்கோசு குறைவாக, இறைச்சி அதிகமாக, அம்மா சுடுவதுபோல. வழக்கம்போல வருடங்களைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் அந்த வகுப்பு எழுந்து நிற்க வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். 1962 என்றபோது நாலு பேர் எழுந்தார்கள். நான் அந்த மேசையைப் பார்த்தேன். ஒன்று சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் 1963 வந்துவிட்டது.

மார்ச் மாதம் உன் அளவைக் கேட்டது தவறாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அன்புடன்,
ஆல்வின்

டூசான்
18 ஜூன்

ஆல்வினுக்கு,

நான் நலம். நூற்றுப் பத்து டிகிரி வெயில். நலமாக இருப்பதற்கு அதுவே போதுமான காரணம், ஏனென்றால் வெளியே போய் யாரோடும் சண்டை பிடிக்க முடியவில்லை. ஆகவே உன்னோடு பிடிக்கிறேன்.

‘உன் அளவு என்ன’ என்று கேட்டிருந்தாய். 1962-இல் என் அளவு என்ன என்று அந்தப் பள்ளிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பாவாடையின் கொக்கி மாட்டவில்லை என்று தட்டச்சு டீச்சர்தான் முதலில் கண்டுபிடித்தாள். மார்ச் மாதம். இன்னும் இரண்டு மாதத்தில் படிப்பு முடிந்திருக்கும். ‘இந்த நிலையில் இருக்கும் பெண் மற்றப் பெண்களோடு உட்காரக் கூடாது’ என்று தலைமையாசிரியர் சொன்னார். பையனை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் அந்த வெள்ளிக்கிழமை பேஸ்பால் ஆடினான். வகுப்புப் படத்தில் என் தலை இருந்த இடத்தில் ஒரு பூத்தொட்டியை ஒட்டினார்கள். பூத்தொட்டி, ஆல்வின்.

புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்து வாசல் வழியாகத்தான் வெளியே போனேன். மாடியில் வரைபட அறை ஜன்னலில் நீ நின்றாய். நான் நிமிர்ந்து பார்த்தேன். நீ குனிந்துகொண்டாய். உனக்குப் பதினைந்து வயது. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஆனால் பிறகு நீ அதே அறையில் முப்பத்தெட்டு வருடம் பாடம் நடத்தினாய், அதே வாசலில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் கிழித்தாய். ஒரு தடவைகூட இதைப் பற்றி எனக்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போது பள்ளி போன பிறகு கல்லில் எழுதித் தருகிறாயாம்.

அவர்கள் தராத வருடத்தை நீ தர வேண்டாம். எனக்கு மார்லீன் இருக்கிறாள், ஐம்பத்தாறு வயது மகள். அதுதான் என் சான்றிதழ்.

லியோனா

எல்ம்பர்க்
30 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியது எல்லாம் அப்படியே நடந்ததுதான். நான் குனிந்தேன். எதையோ எடுப்பதற்காகக் குனியவில்லை. பென்சில் கையில்தான் இருந்தது.

அன்று மாலை உன் அறை காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு அப்பாவிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும், இப்போது எழுதினால் ஏன் போன வருடம் எழுதவில்லை என்று கேட்பாயே என்று பயந்து, அப்படியே வருடங்கள் சேர்ந்துவிட்டன. இது விளக்கம் இல்லை. நடந்த வரிசையைச் சொல்கிறேன்.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆல்வின்

டூசான்
25 ஆகஸ்ட்

தம்பி ஆல்வினுக்கு,

உன் கடிதத்தை இரண்டு மாதம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருந்தேன். மார்லீன் எடுத்துப் படித்தாள். ‘மாமா நேராத்தானம்மா எழுதியிருக்காரு’ என்றாள். நேராக எழுத ஐம்பத்தேழு வருடம் ஆயிற்று என்று நான் சொன்னேன். ‘உனக்குப் பதில் எழுத ரெண்டு மாசம் ஆச்சே’ என்றாள். அவளை நான் சரியாக வளர்க்கவில்லை.

முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். இப்போது கடை வரை நடக்கிறேன்.

நாற்பத்தொரு கோழிகளும் சட்டை போட்டாயிற்றா? அந்த இடி என்ன ஆயிற்று? எழுது. உன் பிரஷ், உன் பதினைந்து நொடி, எல்லாவற்றையும் எழுது. நீ அதைப் பற்றி எழுதும்போது மட்டும்தான் மன்னிப்புக் கேட்பதில்லை.

லியோனா

எல்ம்பர்க்
15 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஊசி பலன் கொடுத்ததில் சந்தோஷம். எனக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் தூக்கம் குறைவு. காரணம் கீழே.

பழைய மாணவர்களும் திரும்பி வந்து பார்க்கிற ஹோம்கமிங் ஆட்டம், புதுப் பள்ளிக்கு முதலாவது, அக்டோபர் நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, நம் மைதானத்தில். பெண்கள் நாற்பத்தொரு பேரும் அன்றைக்குத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதாக இருந்தார்கள். செய்தி எப்படியோ பிரைஸ்டனுக்குப் போய்விட்டது. போன திங்கட்கிழமை ஒன்றியத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த வாரம் ஒற்றுமை வாரமாம். பழைய பள்ளிகளின் பெயர் பொறித்த உடையில் வருகிறவர்களை வாசலில் இருப்பவர்கள் திருப்பி அனுப்ப வேண்டுமாம். வாசலில் இருப்பவர்கள் என்றால் நான். கீழே டாக்டர் ஹோக் கையால் எழுதியிருந்தார்: ‘அக்டோபர் சட்டைகள் தயாரானதும் சொல்லுங்கள். உங்களை நம்பியிருக்கிறேன்.’

இந்த நேரத்தில் நான் ஒரு தவறும் செய்துவிட்டேன். ஸ்டிக்கர் துணியைப் பின்பக்கத்திலிருந்து வெட்டுவதால், எழுத்துகளை முதலில் கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பிவிட வேண்டும். சட்டையில் ஒட்டும்போது நேராகிவிடும். கல்லுக்கு அப்படிக் கிடையாது. கல் முகம் மேலாகவே தூக்கப்பட்டு அப்படியே சட்டைக்குப் போகிறது, திருப்பவே கூடாது. ஆகஸ்டில் நூற்றைம்பது மின்னல் சட்டைகளைத் திருப்பித் திருப்பி வெட்டிய கை, கல் அட்டைகளையும் திருப்பிவிட்டது. வேலை நடுவில் எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி, அதுதான் சரி என்று பழகிவிட்டேன். சோதனைக்குப் பதித்ததெல்லாம் கோதுமைக் கதிர். அதை எப்படித் திருப்பினாலும் கதிர்தான். முதலில் ஒட்டுத்தாள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பிறகு அழுத்துவது என் வழக்கம். நாற்பத்தொரு தாள், ஒவ்வொன்றிலும் முந்நூற்று முப்பதுக்கு மேல் கல். முதல் சட்டையை அழுத்தித் தாளை உரித்தேன். எல்ம்பர்க் பின்னாலிருந்து முன்னால் ஓடியது.

வெர்னாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்து டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“சார், நீங்களா? அரை மில்லிமீட்டர் கோணலுக்கு எனக்கு மார்க் குறைச்ச ஆளு நீங்க.”

“வேற கல்லு ஆர்டர் போட நாள் இல்லைம்மா. மன்னிச்சுக்க.”

“எதுக்கு மன்னிப்பு? இது வரம் சார். அந்த ஆளு வந்து தடுத்தா, ‘எங்கய்யா எல்ம்பர்க்னு இருக்கு, படிச்சுக் காட்டு’ன்னு கேப்போம். உங்களுக்கும் வேலை போகாது. நீங்க கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, ‘எனக்கு ஒண்ணும் படிக்க வரலை’ன்னு சொல்லிருங்க.”

மற்றப் பெண்களுக்கும் இது பிடித்துவிட்டது. எனக்கும் முதலில் பெரிய நிம்மதியாக இருந்தது. வாசல் என்னிடமே இருக்கும், ஒன்றியத்தின் வேலையும் இருக்கும், பெண்களும் உள்ளே போவார்கள். அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. என்ன செய்யலாம் என்று தெரியவில்லை. பத்தொன்பது நாள் இருக்கிறது.

அன்புடன்,
ஆல்வின்

டூசான்
21 செப்டம்பர்

தம்பி ஆல்வினுக்கு,

நலம். நடக்கிறேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? அப்படியே அழுத்திவிடு. வெர்னா கெட்டிக்காரி. அந்தக் கண்காணிப்பாளர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

வேறு யாராவது கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். உனக்கு இது போதும். குத்திக்காட்டவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன். உனக்கு அந்த வாசல் பிடிக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் உன்னைத் தேடி நாலு பேர் வந்து பேசுகிற இடம் அது ஒன்றுதான். கிழவயதில் அதை இழக்காதே. உன்னிடமிருந்து இதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை.

லியோனா

எல்ம்பர்க்
6 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கைவிரல்கள் மட்டும் வீங்கியிருக்கின்றன. காரணம் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று காலையிலேயே ஒட்டுத்தாள்களிலிருந்து கற்களைப் பிய்க்க ஆரம்பித்தேன். இடுக்கியால் ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடியும், வேகமாக இழுத்தால் பசை போய்விடும். ஒரு நாளைக்கு ஐந்து தாள் முடிந்தது. வெர்னா கராஜ் வாசலில் நின்று பார்த்தாள்.

“சார், என்ன பண்றீங்க?”

“நேரா மாத்துறேன்.”

“மாத்தினா உங்களுக்குத்தான் கஷ்டம். வாசல்ல நீங்கதானே நிப்பீங்க?”

“ஆமாம்மா. எனக்குப் படிக்க வரும். படிக்க வரலைன்னு என்னால சொல்ல முடியாது.”

அவள் கிளம்பிப் போனாள். அரைமணி நேரத்தில் பன்னிரண்டு பெண்களோடும் பன்னிரண்டு இடுக்கிகளோடும் திரும்பி வந்தாள். இரண்டு பேர் புருவம் பிடுங்குகிற இடுக்கி வைத்திருந்தார்கள். என் கராஜில் அவ்வளவு சத்தம் இதுவரை இருந்ததில்லை. புதிய அட்டைகளை வெட்டும் முன் ‘திருப்பாதே’ என்று பெரிதாக எழுதி இயந்திரத்தின் மேல் ஒட்டிக்கொண்டேன். புதன்கிழமை நாற்பத்தொன்றும் முடிந்தன. வியாழக்கிழமை மீந்திருந்த கற்களில் எனக்கு ஒன்று செய்துகொண்டேன். அதையும் இரண்டு பக்கமும் அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கே வாசலுக்குப் போனேன். மேல்கோட்டு போட்டிருந்தேன். குளிரினால் அல்ல. ஆறு மணிக்குப் பெண்கள் தெருமுனையில் திரும்பினார்கள். விளக்குகள் போட்டிருந்தார்கள். நாற்பத்தொரு பேர் நடந்துவருவதை அப்படி நான் எதிர்பார்க்கவில்லை, அக்கா. நான் தனித்தனியாகத்தான் பார்த்திருந்தேன். சேர்த்துப் பார்த்தது இல்லை.

மேல்கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தேன்.

டாக்டர் ஹோக் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். முதலில் என் சட்டையைப் பார்த்தார், பிறகுதான் அவர்களைப் பார்த்தார்.

“மிஸ்டர் ட்ரைலிங், கோட்டைப் போட்டுக்குங்க. நான் எதையும் பாக்கலைன்னு வச்சுக்கறேன்.”

“வேணாம், டாக்டர்.”

“கடிதத்தைப் படிச்சீங்கல்ல? இவங்களைத் திருப்பி அனுப்பறது உங்க வேலை.”

“படிச்சேன். அனுப்ப மாட்டேன்.”

பெரிய வசனம் எதுவும் பேசவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் நேராக அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். குனியவில்லை.

“அப்படின்னா அந்த டிக்கெட் கட்டை என்கிட்ட குடுங்க. காசு டப்பாவையும் குடுங்க.”

“தர்றேன். இந்த வரிசை முடியட்டும். வரிசையைப் பாதியில விடுறது வழக்கமில்லை.”

வெர்னா முதலில் நின்றாள். அவளுடைய டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கையில் கொடுத்தேன். பிறகு அடுத்தவள். அவசரப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் எப்போதும் சொல்வதுபோல ‘நல்ல ஆட்டம் பாருங்கம்மா’ என்று சொன்னேன். நாற்பத்தொரு முறை. அவர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்க வேண்டுமென்றால் ஒரு பெண்ணின் கையைத்தான் பிடிக்க வேண்டும், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கடைசிப் பெண் போனதும் கட்டையும் டப்பாவையும் அவரிடம் கொடுத்தேன். அவர் கைகளில் இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றார். வேறு யாரையும் வாசலுக்குப் போட்டிருக்கவில்லை. நான் வெளிப்பக்கம் சுற்றிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

“ஒரு டிக்கெட் குடுங்க, டாக்டர். பெரியவங்க டிக்கெட்.”

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்திருந்தது. கிழித்துக் கொடுத்தார். நேராகக் கிழிக்கத் தெரியவில்லை, மூலை பிய்ந்துவிட்டது. பிய்ந்ததையே வாங்கிக்கொண்டேன்.

முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக ஒரு ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். தோற்றுவிட்டோம். இடைவேளையில் பிரைஸ்டன் பக்கத்திலிருந்து பெரிய உடம்புக்காரி ஒருத்தி பெஞ்சுகளைத் தாண்டி வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று வெர்னா எழுந்தே நின்றுவிட்டாள்.

“இது யாரு பண்ணினது?”

“நான்தாம்மா,” என்றேன்.

“கட்டடம் எங்களதுன்னாலும் எங்க ஸ்கூலையும்தான் மூடிட்டாங்க, தெரியுமா? எங்களுக்கு மட்டும் பேரு இல்லையா? அறுபது சட்டை வேணும். கல்லு இதைவிடப் பெருசா.”

“எங்களதைவிடப் பெருசா ஒண்ணும் வேணாம், அதே சைஸ்ல வாங்கிக்க,” என்றாள் வெர்னா. இருவரும் கல் அளவுக்காக இரண்டாம் பாதி முழுக்கச் சண்டை போட்டார்கள்.

சனிக்கிழமை ஒன்றியத்திலிருந்து செய்தி வந்தது. வாசல் இனி எனக்கு இல்லை. மீதி மின்னல் சட்டைகளும் வேண்டாமாம். எதிர்பார்த்ததுதான். பதினெட்டாம் தேதி அடுத்த ஆட்டம். அதே சட்டையில் போய் டிக்கெட் கேட்பேன். தராவிட்டால் அங்கேயே நிற்பேன். நின்றுகொண்டிருக்கிற கிழவனை நகர்த்துவது அவ்வளவு சுலபமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

1962-க்கு இதை ஈடாகச் சொல்லவில்லை. அதற்கு ஈடு கிடையாது. நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். இந்த முறை உடனே.

அன்புடன்,
ஆல்வின்

டூசான்
10 அக்டோபர்

என் தம்பிக்கு,

விரல்களை உப்புப் போட்ட வெந்நீரில் வை. அறுபது சட்டைக்குக் கை வேண்டும். அந்தப் பிரைஸ்டன்காரிக்குச் சின்னக் கல்லையே கொடு.

போன தடவை நான் எழுதியதில் ஒரு வரி தப்பு. எந்த வரி என்று உனக்குத் தெரியும், அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை.

மார்லீன் பதினாறாம் தேதி காரை எடுக்கிறாள். இரண்டு நாள் பயணம். முழங்காலைப் பின்சீட்டில் நீட்டிக்கொண்டு வருவேன். எனக்குச் சட்டை ஒன்றும் செய்து வைக்காதே. என் பச்சைக் கோட்டிலேயே வருகிறேன். வீட்டுக்கு வரவில்லை, நேராக மைதானத்துக்கு வருகிறோம். நீ முன்னாடியே போய் நில். உன்னை உள்ளே விடவில்லை என்றால், நாங்கள் வரும்வரை நகராதே. நானும் மார்லீனும் உன் பக்கத்தில் நிற்கிறோம்.

உள்ளே விடுகிறார்கள் என்றால், எங்களுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிடாதே. இரண்டு டிக்கெட், அந்த வாசலில், நானே வாங்க வேண்டும்.

லியோனா